அன்றாட வாழ்வில் விசுவாசப் பாடங்களைக் கண்டெடுப்பது எப்படி? முதன்முறை தியானம் கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பகுதி ஜெபத்திலோ, பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ, அன்பியக் கூட்டத்திலோ, "அடுத்த வாரம் ஐந்து நிமிடம் தியானம் நீங்கள் கொடுங்கள்" என்று, அதாவது ஒரு வேதப்பகுதியைப் பற்றிச் சிறிது பேசும்படி, யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. யாரும் கேட்காவிட்டாலும், ஞாயிறு ஆராதனையில் கேட்கிற வசனத்துக்கும் திங்கள் முதல் சனி வரை வாழ்கிற வாழ்க்கைக்கும் தொடர்பே இல்லாமல் போகிறதே என்ற வருத்தம் உங்களுக்கு இருந்தால், அப்போதும் இது உதவும். எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தவறான வழிகளில் அலைந்தேன். ஒரு முறை பொய்யான கதையைச் சபைக்கு முன் உண்மை என்று சொன்னேன். இன்னொரு முறை ஒரு தாயின் மனதைப் புண்படுத்தினேன். இரண்டையும் கீழே உரிய இடத்தில் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைத் தவிர்ப்பது கடினமல்ல.

செய்ய வேண்டியதன் சாரம் நீதிமொழிகள் 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவர் சோம்பேறியின் வயலைக் கடந்துபோகிறார். அது முள்ளுக்காடாய்க் கிடக்கிறது, காஞ்சொறி மூடியிருக்கிறது, கற்சுவர் இடிந்திருக்கிறது. 32-ஆம் வசனத்தில், "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்கிறார். காண்பது முதலில், சிந்திப்பது அதற்குப் பின், புத்தியடைவது கடைசியில். நம்மில் பெரும்பாலோர் புத்திமதியை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான காட்சியைத் தேடிப் போகிறோம். எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

கோடு போட்ட நோட்டு ஒன்று வேண்டும். நான் 100 பக்க நோட்டை 40 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்பது மாதம் வந்தது. கைப்பேசியில் குறிப்பெடுக்கலாமா என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் குறிப்பெடுக்கத் திறந்த கைப்பேசியில் வேறு பத்துச் செய்திகள் வந்து நிற்கும் என்பதால் நான் காகிதத்தையே பரிந்துரைக்கிறேன்.

வேதாகமம் ஏற்கெனவே வீட்டில் இருக்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்திய வேதாகமச் சங்கத்தின் விற்பனை நிலையங்களில் எளிய கட்டமைப்பில் உள்ளதை வாங்குங்கள். தோல் அட்டைக்கும் பொன் விளிம்புக்கும் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த வேலைக்குத் தேவையில்லை. பெரிய எழுத்துப் பதிப்புக்கு மட்டும் தயங்காமல் செலவழியுங்கள், ஏனென்றால் இரவில் களைத்த கண்களோடுதான் இதை வாசிக்கப் போகிறீர்கள். நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்போடு, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டால் நல்லது. இரண்டையும் கட்டணமின்றித் தரும் கைப்பேசிச் செயலிகள் உள்ளன.

ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியப் புத்தகத்தை இப்போதே வாங்க வேண்டாம். சபை நூலகத்திலோ சபைப் போதகரான ஐயரவர்களிடமோ ஒரு பிரதி இருக்கும், கேட்டால் தருவார்கள். எந்த நாளில் எந்தப் பகுதியை வாசிப்பது என்று ஆலயத்தில் ஆண்டுதோறும் வெளியிடும் வேதபாட அட்டவணையையும் கேட்டு வாங்கி நோட்டின் முன்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆக, வேதாகமம் ஏற்கெனவே இருந்தால் மொத்தச் செலவு 100 ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை.

2. நேரத்தை ஒரு வேலையோடு கட்டிவைத்தல்

தினமும் இரவில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் தனியாகக் கிடைக்கும் என்று காத்திருந்தால் கிடைக்காது. என் பாட்டி ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும், அரிசியைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து ஆலயத்துக்கென்று வைத்திருந்த கலயத்தில் போட்டுவிடுவார். அதற்கென்று அவர் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. உலை வைப்பதோடு அது சேர்ந்தே நடந்தது. அதேபோல நோட்டு எழுதுவதையும் நீங்கள் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். நான் இரவில் பாலுக்கு உறை ஊற்றிய பிறகு எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் வசதியானது. ஞாயிற்றுக்கிழமைகளை நீக்கிவிட்டு 40 நாட்கள் என்பதால் ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கும். என் முதல் 40 நாட்களில் 31 குறிப்புகள் எழுதினேன். அவற்றில் வேதப்பகுதியோடு உண்மையாகவே பொருந்தியவை ஒன்பது. மற்றவர்கள் முன் பேசத் தக்கவை நான்கு. இந்த விகிதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில் மனம் சோர்ந்துபோவீர்கள்.

3. பாடத்தைத் தேடாமல் பொருளைப் பார்த்தல்

இதுதான் முழு வேலையின் இதயம். ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பரலோகராஜ்யம் புளித்த மாவுக்கு ஒப்பாயிருக்கிறது என்ற உவமையை மத்தேயு 13:33-இல் வாசித்ததும், நம் வீட்டு இட்லி மாவு நினைவுக்கு வராத தமிழர் இருக்க மாட்டார். நானும் அதைத்தான் முதலில் எழுதினேன்: "இட்லி மாவு இரவில் பொங்குவதுபோல் தேவனுடைய ராஜ்யம் நமக்குள் வளர்கிறது." கேட்க நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் மாவை உண்மையிலேயே கவனித்தேன். அரிசியையும் உளுந்தையும் ஆட்டினோம். உப்புப் போட்டுக் கையால் கலந்தோம். பாத்திரத்தில் பாதிக்குமேல் இடம் விட்டு மூடிவைத்தோம். வெளியிலிருந்து புளித்தது எதையும் அதில் சேர்க்கவில்லை. உவமையிலோ ஒரு பெண், ஏற்கெனவே புளித்த மாவை எடுத்துப் புதிய மாவுக்குள் அடக்கிவைக்கிறாள். அப்படியானால் இந்த உவமைக்கு நம் அடுக்களையில் ஈடானது இட்லி மாவு அல்ல. நான் தினமும் இரவில் ஊற்றுகிற உறைமோர்தான். காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு கரண்டி மோர் விழுகிறது. கலக்கிவிட்டால் அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. காலையில் பால் முழுவதும் தயிராகியிருக்கிறது. பால் கொதிக்கும்போது ஊற்றினால் உறையாது, முழுதும் ஆறிக் குளிர்ந்த பிறகு ஊற்றினாலும் சரியாக உறையாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஊற்ற வேண்டும் என்பதையும் எழுதிவைத்தேன்.

இட்லி மாவுக் குறிப்பும் வீணாகவில்லை. மாற்கு 4:26 முதல் 29 வரை, விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைத்து வளர்கிறது. நிலம் "தானாய்" பலன் கொடுக்கிறது. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் மாவு சீக்கிரம் பொங்குவதில்லை என்பதை மார்கழிக் குளிரில் மாவு ஆட்டிய எவரும் அறிவர். அந்தக் குறிப்பு இந்தப் பகுதியிடம்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. பொருளைச் சரியாகப் பார்க்காமல் இருந்திருந்தால் இரண்டு உவமைகளையும் ஒன்றாகக் குழப்பியிருப்பேன்.

எனவே நோட்டில் இடப்பக்கத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள். என்ன பொருள், யார் கையில் இருந்தது, எத்தனை, எந்த நேரம், என்ன சொன்னார்கள் என்பவை மட்டும் வரட்டும். "இதிலிருந்து நாம் அறிவது" என்ற தொடரை அந்தப் பக்கத்தில் எழுதவே கூடாது. வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அது சிந்தனைக்கும் வசனத்துக்கும் உரியது.

4. வேதப்பகுதியைக் கண்டுபிடித்தல்

இரண்டு மூன்று நாட்கள் கழித்து வலப்பக்கத்துக்கு வாருங்கள். செயலியில் சொல்லைத் தேடும்போது ஒரு தடை வரும்: நாம் இன்று பேசும் சொற்கள் பழைய மொழிபெயர்ப்பில் பல இடங்களில் வேறாக இருக்கின்றன. பூ என்று தேடினால் அகப்படாதது புஷ்பம் என்று தேடினால் அகப்படும். பெண் என்பதற்கு ஸ்திரீ என்றும், வறுமைக்குத் தரித்திரம் என்றும், கடிதத்துக்கு நிருபம் என்றும் தேடிப் பாருங்கள். திருவிவிலியம் வைத்திருப்பவர்களுக்குப் புத்தகப் பெயர்களும் மாறும்: ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். இலத்தீன் மரபு எண்களைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் நம் 23-ஆம் சங்கீதம் 22-ஆக இருக்கும். பல சபையினர் கூடும் இடத்தில் பேசுவதாக இருந்தால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பக்கத்தைப் புரட்டத் தெரியாமல் ஒருவர் தவித்துக்கொண்டிருக்கும்போது அவர் காதில் தியானம் விழாது.

வசனம் கிடைத்ததும் அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடாமல், முன்னும் பின்னும் பத்து வசனமாவது வாசியுங்கள். புளித்த மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 13-இல் அது பரலோகராஜ்யத்துக்கு உவமை. மத்தேயு 16:6-இல் பரிசேயர் சதுசேயரின் புளித்த மாவைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் இயேசு. 1 கொரிந்தியர் 5-இல் பவுல் பழைய புளித்த மாவைப் புறம்பே கழித்துப்போடச் சொல்கிறார். ஒரே பொருள், மூன்று இடத்தில் ஒரே அர்த்தம் அல்ல. உங்கள் காட்சி எந்தப் பகுதியோடு சேர்கிறது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

ஒரே செய்தி இரண்டு சுவிசேஷங்களில் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எனக்கு இதனால் கிடைத்த மிக அருமையான பாடம் காய்கறி வாங்கும்போது தொடங்கியது. கத்தரிக்காயை நிறுத்துப் பையில் கொட்டிய பிறகு, காய் விற்ற அக்கா ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் இரண்டு கொத்தமல்லித் தண்டையும் தராசைப் பார்க்காமலே மேலே போட்டார். இடப்பக்கத்தில், "கொசுறுக்குக் கணக்கு இல்லை. நானும் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போது அதை எழுதவில்லை" என்று குறித்தேன். சில வாரங்களுக்குப் பின் அடைக்கலான் குருவி வசனத்தை மத்தேயு 10:29-இல் வாசித்தேன்: ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா 12:6-இல்: இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. விற்பவன் அதற்கு விலை வைக்கவில்லை, வாங்குபவன் அதற்குக் காசு கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று லூக்காவில் இயேசு சொல்லும்போது, அந்த ஐந்தாவது குருவியும் அதற்குள் வருகிறது. அன்று இரவு வெகுநேரம் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

5. பேசுவதற்கு முன் உண்மையைச் சரிபார்த்தல்

என் முதல் தியானத்தில் கழுகைப் பற்றிப் பேசினேன். கழுகு 40 வயதில் மலைமேல் ஏறித் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்கிறது, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கிப்போடுகிறது, புதியவை முளைத்தபின் இன்னும் 30 ஆண்டுகள் வாழ்கிறது என்று கைப்பேசியில் வந்த செய்தியை அப்படியே, கழுகைப்போல இளமை திரும்புவதைச் சொல்லும் 103-ஆம் சங்கீதத்தோடு சேர்த்துச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும், விலங்கியல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி என்னிடம் தனியாக வந்து, "அத்தை, அலகும் நகமும் இல்லாத கழுகு இரை பிடிக்க முடியாமல் பட்டினியால் செத்துப்போகும்" என்றாள். அவள் சொன்னது சரி. கழுகு காலந்தோறும் பழைய இறகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் புதியவற்றைப் பெறுகிறது. அலகும் நகமும் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கின்றன. சங்கீதத்தைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. சத்தியத்தைப் பற்றிப் பேச எழுந்த நான் பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. அடுத்த வாரம் கூட்டத்தின் தொடக்கத்தில் அதைத் திருத்திச் சொன்னேன்.

ஆகையால் உங்கள் கண்ணால் காணாத எந்தக் கதையையும், பரப்பப்பட்ட செய்திகளை முக்கியமாக, தவிர்த்துவிடுங்கள். வேதவசனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பழமொழிகளிலும் கவனம் வேண்டும். "தனக்குத்தானே உதவிசெய்கிறவனுக்குத் தேவன் உதவிசெய்வார்" என்பது வேதாகமத்தில் எங்கும் இல்லை. அதிகாரமும் வசன எண்ணும் கண்ணால் பார்த்து எழுதப்படாத எதையும் வசனம் என்று சொல்லக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. மற்றவர் துயரத்தைத் தொடுவதற்கு முன்

எங்கள் பகுதியில் ஒரு குழந்தை நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியது. பெயர் சொல்லாமல்தான் பேசினேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். அந்தக் குடும்பத்தின் ஜெபவாழ்க்கை சீர்ப்பட தேவன் இந்தச் சோதனையை அனுப்பினார் என்று விளக்கமும் கொடுத்தேன். குழந்தையின் தாய் கதவோரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் சில வாரங்கள் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பிறகுதான் லூக்கா 13-ஐ உட்கார்ந்து வாசித்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, அல்ல என்று தாமே பதில் சொல்கிறார். யோவான் 9-இல் பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்டபோதும், அவன் செய்த பாவமோ அவனைப் பெற்றவர் செய்த பாவமோ காரணமல்ல என்கிறார். துன்பத்தில் கிடந்த யோபுவிடம், அவன் பாவமே காரணம் என்று அவனுடைய சிநேகிதர்கள் அழகாகத்தான் பேசினார்கள்; ஆனால் யோபு 42:7-இல் அவர்கள் தம்மைக்குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கர்த்தர் கோபங்கொள்கிறார்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யுங்கள். இன்னொருவரின் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல விரும்பினால், குறைந்தது மூன்று நாட்களுக்கு முன் அவரிடம் நேரில் கேளுங்கள். சொல்லப்போவதை முழுவதும் வாசித்துக்காட்டுங்கள். அவர் தயங்கினால் அந்தக் குறிப்பை விட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பற்றியது என்றால் பிள்ளையிடமும் கேளுங்கள். நோய், கடன், திருமணத் தடை, மரணம் ஆகியவற்றை அனுமதி இருந்தாலும் முதல் ஆண்டில் தொடாதீர்கள்.

7. எழுதிப் பேசுதல்

எழுத வேண்டிய வரிசை எளிது: முதலில் வேதப்பகுதி, பிறகு கண்ட காட்சி, பிறகு இரண்டும் சந்திக்கும் இடம், கடைசியில் இந்த வாரம் நான் செய்யப்போகும் ஒரு காரியம். "நாம் எல்லாரும்" என்று தொடங்கும் அறிவுரைகளைக் குறைத்து, "நான்" என்று பேசுங்கள். என் கையெழுத்தில் நோட்டின் இரண்டரைப் பக்கம் ஐந்து நிமிடத்துக்குச் சரியாக வருகிறது. உங்கள் அளவை ஒரு முறை கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வேதப்பகுதியை வாசிக்கும் நேரமும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். தியானம் நீண்டால் விண்ணப்ப ஜெபம் சுருங்கும், மறுநாள் தேர்வுள்ள பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

தயாரிப்புக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் குறிப்பைத் தேர்ந்தெடுக்க, அடுத்த இரண்டு நாள் வேதப்பகுதியை வாசிக்க, ஐந்தாம் நாள் எழுத, ஆறாம் நாள் நம்பிக்கையான ஒருவரிடம் வாசித்துக்காட்ட. பொருள் விளக்கத்தில் ஐயம் இருந்தால் ஐயரவர்களிடமோ சபை ஊழியரிடமோ கேளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த பரபரப்பில் கேட்காமல் வார நாளில் போனால் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

8. பொருந்தாத குறிப்புகளை என்ன செய்வது

வைத்திருங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி போட்டு, வலப்பக்கத்தில் அரைப் பக்கமாவது காலியாக விடுங்கள். வசனம் அகப்படவில்லை என்பதற்காக ஏதோ ஒன்றை ஒட்டவைத்தால் பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

ஒரு கோடையில் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் குடங்கள் வரிசையில் நின்றதை எழுதியிருந்தேன். குடத்தை வைத்துவிட்டு அவரவர் வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள். லாரியின் ஆரன் சத்தம் கேட்டதும் எல்லாரும் குடத்தை நோக்கி ஓடிவந்தார்கள்; மாவுக் கையோடு ஓடிவந்த ஒருவர், தெருமுனையிலிருந்தே தன் பச்சைக் குடத்தை அடையாளம் கண்டு கையை நீட்டினார். வலப்பக்கம் ஏழு மாதம் காலியாக இருந்தது. பிறகு ஒரு நாள் வேதபாட அட்டவணைப்படி யோவான் 4-ஆம் அதிகாரம் வந்தது. பலமுறை வாசித்த பகுதிதான். 28-ஆம் வசனத்தில், கிணற்றருகே இயேசுவோடு பேசிய சமாரியப் பெண் தன் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் போகிறாள். தண்ணீருக்காக வெயிலில் நடந்து வந்தவள், கிணற்றடியிலேயே குடத்தை விட்டுவிட்டு எதிர்த்திசையில் போகிறாள். நோட்டைப் புரட்டி அந்தப் பச்சைக் குடத்தின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். எழுத இடம் இருந்தது.